‘கிரியாட்டினின் நார்மல்தான்’... அப்போ வலி மாத்திரை போடலாமா?

மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை சிறுநீரகத்தை என்ன செய்கிறது? யாருக்கு அது ஆபத்து, யாருக்கு இல்லை? ரத்தப் பரிசோதனைச் சீட்டில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது?

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்த ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நடவு வேலை முடித்து வந்த பெண், சித்தாள் வேலைக்குப் போய்த் திரும்பியவர், நாளெல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்து எழுந்தவர் என்று நாலைந்து பேர் நிற்பார்கள். "தம்பி, முட்டி ரெண்டும் கழண்டு விழுற மாதிரி இருக்கு. போன வாரம் குடுத்தியே, அதே மாத்திரை நாலு குடு." கத்தரிக்கோல் அட்டையை வெட்டும். சின்னக் கவரில் நாலு மாத்திரை விழும். சீட்டு கேட்பதில்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றும் கேட்பதில்லை. மறுநாள் காலையில் வலி குறைந்திருக்கும். வேலைக்குப் போய்விடலாம், ஒரு நாள் கூலி தப்பிவிடும்.

வலியும் உண்மை, மாத்திரை தரும் நிவாரணமும் உண்மை. ஆனால் அந்த நாலு மாத்திரை வாரா வாரம் நாலு மாத்திரையாகி, வருடக்கணக்கில் நீளும்போதுதான் சிக்கல். அதிலும் வாங்குபவருக்கு ஏற்கெனவே சுகர், பிரஷர் இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "வலி மாத்திரை போட்டா கிட்னி போயிடும்" என்று எங்கோ கேட்டுவிட்டு, எந்த மருந்தும் எடுக்காமல் வலியோடு சுருண்டு கிடப்பவர்களும் ஏராளம். அவர்களில் பலருக்குப் பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடிய மருந்து உண்டு. யார் எந்தப் பக்கம் என்பதை ஊகத்தில் சொல்ல முடியாது. அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, சில கேள்விகள் தேவை.

‘வலி மாத்திரை’ என்றால் எது?

பேச்சுவழக்கில் எல்லாமே வலி மாத்திரைதான். மருத்துவத்தில் அவை வெவ்வேறு குடும்பங்கள். டைக்லோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், நாப்ராக்சென், மெஃபனமிக் ஆசிட், கீட்டோரோலாக், நிமெசுலைட், எட்டோரிகாக்சிப் போன்றவை ஒரு குடும்பம். வலியோடு வீக்கத்தையும் குறைப்பவை. ‘ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள்’ என்பது இவற்றின் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக ‘என்செய்ட்’ என்பார்கள். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை கவனம் தேவைப்படுவது முதன்மையாக இந்தக் குடும்பத்துக்குத்தான்.

பாராசிட்டமால் இந்தக் குடும்பத்தில் சேராது. அது வலியையும் காய்ச்சலையும் குறைக்கும். வீக்கத்தைப் பெரிதாகக் குறைக்காது. டிரமடால் போன்றவை ஓபியாய்டு வகை. நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலின், காபாபென்டின் ஆகியவை வேறொரு வகை.

குழப்பம் வருவது கூட்டு மாத்திரைகளில். அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரைகள் இங்கே சர்வ சாதாரணம். "நான் பாராசிட்டமால்தான் போடுறேன்" என்று சொல்பவரின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால், இரண்டாவது வரியில் அசிக்ளோஃபெனாக் இருக்கும். கம்பெனிப் பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் ஒரே மருந்தை இரண்டு டாக்டர்களிடமிருந்து இரண்டு பெயரில் வாங்கிச் சாப்பிடுபவர்களும் உண்டு.

சிறுநீரகத்துக்குள் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருண்ட ஒரு வடிகட்டி இருக்கிறது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் வடிகட்டும் திரவம் ஏறக்குறைய 180 லிட்டர். அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக வெளியேற்றுகின்றன.

வடிகட்டி வேலை செய்ய அழுத்தம் வேண்டும். வீட்டுக் குழாயில் தண்ணீர் வர, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும், வால்வு திறந்திருக்க வேண்டும் அல்லவா? அதுபோலத்தான். வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாய் விரிந்திருக்க வேண்டும். வெளியேறும் குழாய் ஓரளவு சுருங்கியிருக்க வேண்டும்.

உடலில் நீர் குறையும்போது, இதயம் பலவீனமாக இருக்கும்போது, சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டிருக்கும்போது, நுழைவுக் குழாய் சுருங்கப் பார்க்கும். அதைத் திறந்தே வைத்திருக்க உடல் சுரக்கும் பொருள் புரோஸ்டாகிளாண்டின். இதே பொருள்தான் அடிபட்ட மூட்டில் வலியையும் வீக்கத்தையும் கூட்டுகிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்பதை 1971-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் நிறுவினார். 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

மருந்துக்கு முட்டி எது, சிறுநீரகம் எது என்று தெரியாது. இரண்டு இடத்திலும் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்துவிடும். முட்டியில் அது நிவாரணம். சிறுநீரகத்தில், திறந்திருக்க வேண்டிய வால்வு மூடிக்கொள்கிறது.

ஆரோக்கியமான, போதுமான தண்ணீர் குடித்திருக்கும் இளைஞருக்கு இது பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை. அவருடைய சிறுநீரகம் அந்த நேரத்தில் புரோஸ்டாகிளாண்டினைப் பெரிதாக நம்பியிருக்கவில்லை. அதனால்தான் "நான் எத்தனையோ தடவ போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகலையே" என்று அவரால் சொல்ல முடிகிறது. அதே மாத்திரையை அவர் தன் அம்மாவுக்குக் கொடுக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது.

கிரியாட்டினின் 1.2 என்பது நார்மலா?

சிறுநீரகப் பரிசோதனை என்றால் பலருக்கும் தெரிந்த சொல் கிரியாட்டினின். தசைகள் இயங்கும்போது உருவாகும் கழிவு இது. சிறுநீரகம் இதை வெளியேற்றுகிறது. வடிகட்டும் திறன் குறைந்தால் ரத்தத்தில் அளவு ஏறும். ஆய்வகச் சீட்டில் சுமார் 0.6 முதல் 1.2 அல்லது 1.3 மி.கி. வரை ‘நார்மல்’ என்று அச்சிட்டிருப்பார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சிறிது மாறும்.

இந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்தான் கோளாறு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிறது. தசை அதிகமுள்ள இளைஞருக்கும், ஒடிசலான மூதாட்டிக்கும் ஒரே அளவு தசை இல்லை. மூதாட்டியின் உடலில் கிரியாட்டினின் குறைவாகத்தான் உற்பத்தியாகும். அப்படியிருந்தும் ரத்தத்தில் 1.2 இருக்கிறது என்றால், வெளியேற்றும் வேலை சரியாக நடக்கவில்லை என்று பொருள்.

இதைச் சரிக்கட்டத்தான் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இ-ஜிஎஃப்ஆர் என்ற அளவு வந்தது. சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு இது. 2021-ல் வெளியான சிகேடி-எபி சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்:

- 25 வயது ஆண், கிரியாட்டினின் 1.2: இ-ஜிஎஃப்ஆர் சுமார் 86
- 68 வயது பெண், கிரியாட்டினின் அதே 1.2: இ-ஜிஎஃப்ஆர் சுமார் 49

ஆய்வகச் சீட்டில் இருவருக்கும் ஒரே எண். "எல்லாம் நார்மல்மா" என்று இருவரையும் அனுப்பிவிடலாம். ஆனால் அந்த அம்மாவின் வடிகட்டும் திறன் பாதியளவுக்கு வந்துவிட்டது. தினமும் டைக்லோஃபெனாக் சாப்பிடும் இடத்தில் அவர் இல்லை.

இ-ஜிஎஃப்ஆர் அளவைப் பொதுவாக இப்படிப் பிரிப்பார்கள்:

- 90-க்கு மேல்: இயல்பு
- 60 முதல் 89: லேசான குறைவு. சிறுநீரில் புரதம் போன்ற வேறு அறிகுறி இல்லையென்றால் இதை மட்டும் வைத்து நோய் என்று சொல்வதில்லை
- 45 முதல் 59, 30 முதல் 44: மூன்றாம் நிலையின் இரண்டு படிகள்
- 15 முதல் 29: நான்காம் நிலை
- 15-க்குக் கீழ்: ஐந்தாம் நிலை, சிறுநீரகச் செயலிழப்பு

ஒரே ஒரு முறை 55 என்று வந்தால் பதற வேண்டியதில்லை. குறைந்தது மூன்று மாதம் நீடித்தால்தான் ‘நாள்பட்ட சிறுநீரக நோய்’ என்று முடிவு செய்வார்கள். வாந்தி, பேதி, காய்ச்சல் நேரத்தில் எடுத்த ரத்தத்தில் அளவு தற்காலிகமாக மாறியிருக்கலாம். முந்தைய இரவு கறி விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தாலும் கிரியாட்டினின் சற்று ஏறும். உடற்பயிற்சிக் கூடத்தில் கிரியேட்டின் பவுடர் எடுப்பவர்களுக்கும் எண் கூடுதலாகக் காட்டலாம். மாறாக, படுத்த படுக்கையாகத் தசை வற்றிப்போன முதியவர்களுக்கு இ-ஜிஎஃப்ஆர் உண்மையை விட நன்றாக இருப்பதுபோல் காட்டும். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின்-சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை உண்டு.

பழைய சீட்டு ஏன் முக்கியம் என்பதும் இங்கேதான் புரியும். போன வருடம் 0.8 இருந்தவருக்கு இப்போது 1.2 என்றால், எண் ‘நார்மல்’ எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றரை மடங்கு ஏறியிருக்கிறது. இந்த ஏற்றம் ஒரே வாரத்துக்குள் நடந்திருந்தால், அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்ற வரையறைக்குள்ளேயே வந்துவிடும். பழைய சீட்டைக் குப்பையில் போட்டவரிடம் ஒப்பிட எதுவும் இருக்காது.

சிறுநீரையும் பார்ப்பது ஏன்?

கிரியாட்டினின் ஒரு தாமதமான சாட்சி. வடிகட்டும் திறன் கணிசமாகக் குறைந்த பிறகுதான் பலருக்கும் அது எல்லையைத் தாண்டும். அதற்கு முன்பே, குறிப்பாகச் சுகர் உள்ளவர்களுக்கு, வடிகட்டியில் ஓட்டை விழுந்து ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகத் தொடங்கிவிடும். ‘ஆல்புமின் - கிரியாட்டினின் விகிதம்’ என்ற சிறுநீர்ப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். 30-க்குக் கீழ் இருந்தால் பயமில்லை. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. 300-க்கு மேல் கடுமையானது.

இ-ஜிஎஃப்ஆர் 75, சிறுநீரில் புரதம் 400 என்று இருப்பவர், இ-ஜிஎஃப்ஆர் 55, புரதம் இல்லை என்று இருப்பவரைவிட அதிக ஆபத்தில் இருக்கலாம். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இடுப்பு வலித்தால் கிட்னிப் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். நாள்பட்ட சிறுநீரக நோய் ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை. இடுப்பு வலிக்கு வாங்கிப் போடும் மாத்திரைதான் சத்தமில்லாமல் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

மூன்று மாத்திரைகள் சேரும்போது

அறுபதைத் தாண்டிய ஒருவரின் மாத்திரை டப்பாவைத் திறந்தால், பிரஷருக்கு லோசார்டன், டெல்மிசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல மருந்துகள். சுகர் உள்ளவர்களின் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதே இவைதான். வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயை இவை தளர்த்துகின்றன.

கூடவே கால் வீக்கத்துக்கோ பிரஷருக்கோ ‘நீர் மாத்திரை’ ஒன்று இருக்கலாம். அது உடலில் உள்ள உப்பையும் நீரையும் குறைக்கிறது.

இதன்மேல் வலி மாத்திரை வந்து சேர்கிறது. நீர் மாத்திரையால் தொட்டியில் தண்ணீர் குறைவு. வலி மாத்திரையால் உள்ளே வரும் வால்வு சுருங்குகிறது. பிரஷர் மாத்திரையால் வெளியேறும் வால்வு திறந்திருக்கிறது. வடிகட்டியில் அழுத்தமே இல்லாமல் போய்விடும்.

மருத்துவர்கள் இதை ‘மும்முனைத் தாக்குதல்’ என்ற பொருளில் குறிப்பிடுவார்கள். பிரிட்டனில் பிரஷர் மருந்து எடுக்கும் சுமார் 4.87 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு ஒன்று, மூன்றும் சேர்ந்தவர்களுக்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு 31 சதவீதம் அதிகம் என்று கண்டது. முதல் 30 நாளில் மட்டும் பார்த்தால் 82 சதவீதம் அதிகம். ஆபத்து ‘பல வருஷம் சாப்பிட்டால்தான்’ என்று நினைப்பவர்களுக்கு இந்த எண் முக்கியமானது. தொடங்கிய முதல் சில வாரங்களும் ஆபத்தானவையே.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வலி மாத்திரை தெருமுனைக் கடையிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் கண் பல வீடுகளில் இல்லை.

இதோடு வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயலில், செங்கல் சூளையில், தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்ப்பவர்கள் நாள் முழுக்க வியர்வையில் நீரை இழக்கிறார்கள். ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. உடல் வறண்ட அந்த நிலையில் மாலையில் விழுங்கும் வலி மாத்திரை, ஏசி அறையில் உட்கார்ந்து விழுங்கும் அதே மாத்திரை அல்ல.

கடை வாசலில் கேட்கும் நம்பிக்கைகள்

"சாப்பிட்டுட்டுப் போட்டா ஒண்ணும் ஆகாது." சாப்பாடு வயிற்றுப் புண்ணைக் குறைக்க உதவலாம். சிறுநீரகத்துக்கு அது எந்தப் பாதுகாப்பும் தராது. கூடவே கொடுக்கப்படும் ‘கேஸ் மாத்திரை’யும் அப்படியே.

"ஊசியா போட்டுக்கிட்டா கிட்னிக்குப் போகாது." இடுப்பில் போட்ட ஊசி மருந்தும் ரத்தத்தில்தான் கலக்கிறது. சிறுநீரகத்தில் விளைவு ஒன்றுதான்.

"இது புது மாத்திரை, சைடு எஃபெக்ட் இல்லை." எட்டோரிகாக்சிப் போன்றவை வயிற்றுக்குச் சற்று மென்மையானவை. சிறுநீரகத்துக்கு அல்ல.

"இங்கிலீஷ் மருந்துதான் ஆபத்து, இது பொடி." ஊர் பேர் இல்லாத பொட்டலத்தில் ‘ஒரே நாளில் வலி போகும்’ என்று விற்கப்படும் பொடிகளில் ஸ்டீராய்டோ வலி நிவாரணியோ கலந்திருக்கலாம். என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் மருந்தாக எடுக்கக் கூடாது.

உலகம் ஏற்கெனவே கற்ற பாடம்

வலி மருந்தும் சிறுநீரகமும் பற்றிய எச்சரிக்கை நேற்று வந்ததல்ல. 1953-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள், தலைவலி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களிடம் ஒருவகைச் சிறுநீரகச் சிதைவைக் கண்டு எழுதினார்கள். அந்தக் கூட்டு மாத்திரைகளில் பொதுவாக இருந்தது ஃபெனாசெட்டின். ஆஸ்திரேலியாவில் இத்தகைய பொடிகளைக் கடையில் தாராளமாக விற்பது 1979-ல் தடுக்கப்பட்டது. அமெரிக்காவில் ஃபெனாசெட்டின் 1983-ல் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது.

இந்தியாவுக்கே உரிய பாடம் இன்னொன்று உண்டு. மாடுகளுக்கு வலிக்காகப் போடப்பட்ட டைக்லோஃபெனாக், அவை இறந்த பிறகு பிணத்தைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. 2004-ல் நேச்சர் இதழில் இது உறுதி செய்யப்பட்டபோது, தெற்காசியாவின் பாறு கழுகுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டிருந்தது. 2006-ல் கால்நடைகளுக்கான டைக்லோஃபெனாக்குக்கு இந்தியா தடை விதித்தது. 2023-ல் அசிக்ளோஃபெனாக்கும் கீட்டோப்ரோஃபெனும் கால்நடைப் பயன்பாட்டில் தடை செய்யப்பட்டன. மனிதச் சிறுநீரகம் கழுகின் சிறுநீரகம் போல அவ்வளவு எளிதில் விழுந்துவிடாது. இரண்டையும் ஒப்பிட முடியாது. ஆனால் இந்த மருந்து சிறுநீரகத்தைத் தொடாமல் போவதில்லை என்பதற்குச் சாட்சி, மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகள்.

மனிதர்களுக்கான டைக்லோஃபெனாக் மாத்திரை சட்டப்படி ‘ஷெட்யூல் எச்’ மருந்து. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும்.

அப்படியானால் வலிக்கு என்னதான் செய்வது?

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது மருத்துவம் அல்ல. வலியால் நடக்காமல் போனால் தசை வற்றும், சுகர் ஏறும், தூக்கம் கெடும். யாருக்கு, எந்த மருந்து, எத்தனை நாள் என்பதே கேள்வி.

சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்குச் சுளுக்கு, பல்வலி போன்றவற்றுக்கு மருத்துவர் சொன்ன குறைந்த அளவில், சில நாட்களுக்கு இந்த மாத்திரைகளைத் தருவது வழக்கமான சிகிச்சைதான். சிறுநீரகக் கல் வலியால் துடிப்பவருக்கே, சிறுநீரகச் செயல்பாடு சரியாக இருந்தால், மருத்துவமனையில் முதலில் போடும் ஊசிகளில் ஒன்று டைக்லோஃபெனாக். மருந்து விஷமல்ல, ஆளும் நாளும் அளவும் சரியாக இருக்க வேண்டும்.

சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் விஷயத்தில் சர்வதேச வழிகாட்டுதல்கள் தெளிவாக உள்ளன. இ-ஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழ் இருப்பவர்கள் நீண்ட நாள் எடுக்கக் கூடாது. 30-க்குக் கீழ் என்றால் தவிர்க்க வேண்டும். லோசார்டன், ராமிப்ரில் வகை மருந்து எடுப்பவர்களுக்கும் கூடுமானவரை தவிர்க்கச் சொல்கிறார்கள்.

அவர்களுக்கு மாற்று என்ன?

- பாராசிட்டமால் பெரும்பாலும் முதல் தேர்வு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச அளவு 4 கிராம். அதாவது 650 மி.கி. மாத்திரை ஆறுக்கு மேல் கூடாது. முதியவர்கள், எடை குறைந்தவர்கள், கல்லீரல் பாதிப்போ மதுப்பழக்கமோ உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. மருத்துவரே சொல்ல வேண்டும். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.
- ஒரு முட்டியோ ஒரு கையோ வலித்தால் மேலே தடவும் ஜெல். ரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட மிகக் குறைவு. ஆனாலும் சிறுநீரக நோயாளிகள் கேட்டுவிட்டே, சிறிய இடத்தில், சில நாள் மட்டும் பயன்படுத்த வேண்டும்.
- பிசியோதெரபி, தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, எடைக் குறைப்பு, ஒத்தடம். மூட்டுத் தேய்மானத்தில் பயிற்சியும் எடைக் குறைப்பும் துணை வைத்தியம் அல்ல, முதன்மை வைத்தியமே.
- நரம்பு எரிச்சலுக்குப் பிரிகாபலின், கடும் வலிக்கு டிரமடால் போன்றவை உண்டு. ஆனால் இ-ஜிஎஃப்ஆர் குறைந்தால் அளவைக் குறைத்தாக வேண்டும். இல்லையென்றால் மருந்து உடலில் தேங்கி, மயக்கம், தடுமாற்றம், முதியவர்களுக்குக் கீழே விழுதல் வரை கொண்டுபோய்விடும்.

இதய நோய்க்காக மருத்துவர் கொடுத்த 75 மி.கி. ஆஸ்பிரினை இந்தக் கட்டுரை போன்ற எதையும் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. அது வலிக்காகக் கொடுக்கப்பட்டதல்ல, அளவும் மிகக் குறைவு. பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். நிறுத்த வேண்டியது எது என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

யார், எப்போது பரிசோதிக்க வேண்டும்?

சுகர் அல்லது பிரஷர் உள்ளவர்கள், இதய நோயாளிகள், அறுபது வயதைத் தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது சிறுநீரகச் செயலிழப்பு இருந்தவர்கள், அடிக்கடி கல் அடைப்பு வருபவர்கள் ஆகியோர் ஆண்டுக்கு ஒரு முறையாவது கிரியாட்டினின், இ-ஜிஎஃப்ஆர், சிறுநீர் ஆல்புமின் பார்த்துக்கொள்வது நல்லது. கிரியாட்டினின் சாதாரணமான, செலவு குறைந்த பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் செய்துகொள்ளலாம். சீட்டில் இ-ஜிஎஃப்ஆர் அச்சிடப்படவில்லை என்றால், வயதைச் சொல்லிக் கணக்கிட்டுத் தரக் கேட்கலாம்.

முடக்குவாதம் போன்ற நோய்களால் இந்த மாத்திரைகளை வாரக்கணக்கில் எடுத்தே ஆக வேண்டியவர்கள் உண்டு. அவர்களுக்கு மருந்து தொடங்கும் முன் ஒரு முறையும், ஆபத்து உள்ளவர்களுக்குத் தொடங்கிய ஓரிரு வாரத்தில் மறுபடியும் ரத்தம் பார்ப்பார்கள். பொட்டாசியமும் பிரஷரும் கூடவே பார்க்க வேண்டும். இந்த மருந்துகள் இரண்டையும் ஏற்றக்கூடியவை.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ தயங்காமல் கேட்க வேண்டியவை:

1. "இது வீக்கத்தைக் குறைக்கிற வகை மாத்திரையா, பாராசிட்டமால் மட்டுமா?"
2. "எனக்கு சுகர், பிரஷர் மாத்திரை ஓடுது. இதோட சேர்த்துப் போடலாமா?" மாத்திரை டப்பாவையே எடுத்துப் போய்க் காட்டுவது இன்னும் நல்லது.
3. "என் கிட்னி டெஸ்ட் இது. இதுக்கு ஏத்த அளவுதானா?"
4. "எத்தனை நாள்? எப்ப நிறுத்தணும்?"
5. "வாந்தி, பேதி, காய்ச்சல் வந்தா எதை நிறுத்தி வைக்கணும்?"

ஐந்தாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வாந்தி பேதியால் நீர் வற்றும் நாட்களில் இந்த வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது. பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, சில சுகர் மாத்திரைகள் ஆகியவற்றையும் தற்காலிகமாக நிறுத்த மருத்துவர் சொல்லலாம். மழைக்காலக் காய்ச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. டெங்குவாக இருந்தால் டைக்லோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் என்ன என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே.

எப்போது தாமதிக்கக் கூடாது?

வலி மாத்திரை எடுக்கும் நாட்களில் சிறுநீர் வெகுவாகக் குறைந்தால், முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், மூச்சு வாங்கினால், காரணமில்லாமல் குமட்டலும் அசதியும் வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். என்னென்ன மாத்திரை எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கடையில் கேட்டு வாங்கியதையும், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததையும் சேர்த்தே.

சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்ல செய்தி உண்டு. இந்த மருந்துகளால் வரும் திடீர்ப் பாதிப்பு, மருந்தை நிறுத்தி உடலில் நீர்ச்சத்தைச் சரிசெய்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ சரியாகிவிடுகிறது. தாமதமானால், அல்லது திரும்பத் திரும்ப நடந்தால், அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். கடைசியில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ் என்றாகிவிட்டால், ஒரு நாள் கூலியைக் காப்பாற்றப் போட்ட மாத்திரைக்கு வாழ்நாள் முழுக்கக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்த முறை மெடிக்கல் ஷாப்பில் "அதே மாத்திரை நாலு குடு" என்று கேட்கும் முன், வீட்டில் இருக்கும் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டை ஒருமுறை தேடி எடுத்துப் பார்க்கலாம். அதில் கிரியாட்டினினுக்குக் கீழே இ-ஜிஎஃப்ஆர் என்று ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால், மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது.